ஜப்பானிய ஓவியப் பயிற்சி நூல்கள் எதைக் கற்றுத்தந்தன?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. ஓவியர் ஹொகுசாயின் 'ஹொகுசாய் மாங்கா' போன்ற ஜப்பானிய மரஅச்சு நூல்களைப் புரட்டினால் விளக்கமும் இல்லை, படிப்படியான பாடமும் இல்லை. பக்கம் பக்கமாகப் படங்கள்தான். பிறகு ஏன் இவற்றை ஓவியப் பயிற்சி நூல்கள் என்கிறார்கள்? ஐரோப்பிய ஓவியத்தை இவை மாற்றின என்பது எவ்வளவு தூரம் உண்மை?

பலரும் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குவார்கள், பாரிஸ் கலைஞர்கள் இந்த நூல்களைக் கண்டெடுத்த கதை சுவையானது என்பதால். ஆனால் பாரிஸில் நடந்ததற்கு ஒப்பான ஒன்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானுக்குள் ஒருமுறை நடந்து முடிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் பாரிஸ் கதை தானாக விளங்கும்.

எடோ காலத்தின் (1603–1868) தொடக்கத்தில் ஓவியம் கற்பதென்றால் ஒரு குருவின் கூடத்தில் சேர வேண்டும். நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரண்மனைக்கு ஓவியம் தீட்டிவந்த கானோ மரபில் ஒரு மாணவன் ஆண்டுக்கணக்கில் செய்தது, குரு வழியாக வந்த மாதிரிப் படங்களைப் பார்த்து மறுபடி மறுபடி எழுதுவதுதான். பாறை இப்படி, பைன் மரக் கிளை இப்படி, கொக்கு இறங்கும்போது கால் இப்படி. வாய்மொழி விளக்கம் குறைவு; கை பழகிவிட்டால் போதும். அந்த மாதிரிகள் கூடத்தின் சொத்து. அவற்றை வைத்திருப்பவரிடமே தொழிலும் இருந்தது.

ஆகவே, மாதிரிப் படங்களை மட்டும் தாங்கி வந்த ஒரு நூலைக் கண்டால் அன்றைய வாசகர் 'பாடம் எங்கே' என்று கேட்டிருக்கமாட்டார். பார்த்து எழுதுவதே பாடம் என்று எல்லோரும் ஏற்றிருந்த காலம் அது. 'எதெஹோன்' என்று அந்த நூல்களை அழைத்தார்கள். கைப்பழக்கத்துக்கான மாதிரி நூல் என்ற பொருளில். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில் இவ்வளவுதான். ஆனால் கூடத்துக்குள் பூட்டியிருந்த மாதிரிகள் எப்படிக் கடைக்கு வந்தன என்பதில்தான் கதை இருக்கிறது.

1720ஆம் ஆண்டை ஒரு திருப்பமாகக் கொள்ளலாம். ஒசாகாவைச் சேர்ந்த தாச்சிபானா மொரிகுனி, கானோ மரபில் சுருசாவா தான்சானிடம் பயின்றவர், அந்த ஆண்டில் 'எஹோன் ஷாஹோ புகுரோ' என்ற பல தொகுதி நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் ஓகா ஷுன்போகுவின் 'எஹோன் தெககாமி'யும் வந்தது. கானோ மரபின் ரகசியங்களை அச்சிட்டதற்காக மொரிகுனி கூடத்திலிருந்து விலக்கப்பட்டார் என்று ஒரு வழக்கு உண்டு. அது அப்படியே நடந்ததோ இல்லையோ, அப்படிச் சொல்லத் தோன்றியிருக்கிறது என்பதே அந்த நூல் எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதைக் காட்டுகிறது.

வாங்கியவர்கள் யார்? ஓவியம் பழக ஆசைப்பட்ட வணிகர்களும் வெளியூர் ஆர்வலர்களும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் மிக முக்கியமாகக் கருதுவது, கைவினைஞர்கள். வாளின் கைக்காப்பில் உலோக வேலைப்பாடு செய்பவர், அரக்குப் பெட்டிக்கு அலங்காரம் தீட்டுபவர், இடைக்கச்சையில் தொங்கும் நெட்சுகே பொம்மைகளைத் தந்தத்தில் செதுக்குபவர், துணிக்கு வடிவம் போடுபவர். இவர்களுக்குச் சீனப் புராண முனிவர் எப்படி இருப்பார், கடல் நாகம் எப்படி வளையும் என்பது அன்றாடத் தேவை. மொரிகுனியின் பக்கங்களை அடையாளம் காட்டக்கூடிய நெட்சுகேக்களும் வாள் காப்புகளும் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஓவிய வரலாற்று நூல்கள் ஓவியர்களைப் பற்றியே பேசுவதால் இந்தப் பக்கம் கொஞ்சம் மறைந்துபோகிறது.

இதே காலத்தில் சீனாவிலிருந்தும் நூல்கள் நாகசாகி துறைமுகம் வழியாக வந்துகொண்டிருந்தன. அவற்றுள் பெரும்பேர் பெற்றது 'கடுகுவிதைத் தோட்ட ஓவிய நூல்'. முதல் பகுதி 1679இல் நான்ஜிங்கில் வெளிவந்தது. அடுத்த இரு பகுதிகள் 1701இல். எழுத்தாளரும் நாடகாசிரியருமான லி யூவின் இல்லத்துக்குத்தான் கடுகுவிதைத் தோட்டம் என்று பெயர். லி லியூஃபாங் என்ற பழைய ஓவியரின் பாடப் படங்களை வைத்துக்கொண்டு வாங் காய் என்பவர் அதை விரித்தெழுதினார்.

இந்த நூலில் பாடம் உண்டு, அதுவும் மிக நுணுக்கமாக. ஆர்க்கிட் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோடு நீண்டு வளைய வேண்டும். இரண்டாவது கோடு அதைக் குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டும்; வெட்டும் இடத்தில் கண் வடிவில் ஒரு வெற்றிடம் உண்டாகும், அதற்கு 'ஃபீனிக்ஸின் கண்' என்று பெயர். மூன்றாவது கோடு அந்தக் கண்ணை ஊடுருவிப் போக வேண்டும். மூங்கில் இலைக்கூட்டத்துக்குச் சீன எழுத்துகளின் வடிவமே வழிகாட்டி. இலையுதிர்ந்த கிளைகளில் மான்கொம்பு வகை, நண்டுக்கால் வகை என்று பிரிவுகள். பாறையின் மேற்பரப்பைக் காட்ட இன்ன ஓவியர் இன்ன கோடு போட்டார் என்று பட்டியல். எழுதப் படிக்கத் தெரிந்தவர் கையில் ஒரு முழுப் பள்ளிக்கூடத்தையே கொடுத்துவிட்ட நூல் அது. 1748இல் கியோட்டோவில் ஜப்பானியப் பதிப்பும் வந்தது.

ஜப்பானியர் நாட்டைவிட்டு வெளியேறுவதற்குத் தடை இருந்த காலம். சீனப் பெரியோர்களின் மூல ஓவியங்களைப் பார்க்கும் வாய்ப்பு மிகச் சிலருக்கே. அப்படியிருக்க, சீன இலக்கியவாதிகளின் ஓவிய மரபை நேசித்த இகே நோ தாய்காவும் யோசா புசோனும் அந்த மரபை அறிந்தது பெருமளவுக்கு இந்த அச்சு நூல்கள் வழியாகத்தான். 1771இல் இருவரும் சேர்ந்து ஓர் ஓவியத் தொகுப்பு செய்தார்கள்: மலையில் குடியிருப்பதன் பத்து வசதிகளைத் தாய்கா தீட்ட, பத்து இன்பங்களைப் புசோன் தீட்டினார். அதற்கு அடிப்படை யாருடைய கவிதைகள் தெரியுமா? அதே லி யூவுடையவை. தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டிருக்கும் அந்தத் தொகுப்பு பின்னாளில் நாவலாசிரியர் கவாபாதா யாசுனாரியின் சேகரிப்பில் இருந்தது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மரஅச்சில் ஓவியத்தின் எது வரும், எது வராது?

செய்முறை இது. ஓவியர் மெல்லிய தாளில் எழுதிய இறுதிப் படத்தை மலைச்செர்ரி மரப் பலகையின்மேல் முகம் குப்புற ஒட்டுவார்கள். செதுக்குபவர் தாளோடு சேர்த்துக் கோட்டின் இரு பக்கமும் வெட்டி, கோட்டை மட்டும் மேடாக நிறுத்துவார். பலகையில் மை தடவி, தாளை விரித்து, மூங்கில் உறையால் சுற்றிய 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் பின்புறம் தேய்த்தால் அச்சு விழும். ஓவியர் ஒரு மூச்சில் இழுத்த கோட்டுக்குச் செதுக்குபவர் இரண்டு கரைகளை நிதானமாக வெட்டித் தருகிறார். கோட்டின் வடிவம் தப்பாமல் வந்துவிடும். ஈரம் வராது. மை தாளில் ஊறிப் பரவுவது, கருமை மெல்ல வெளுத்துப் போவது, தூரிகை காய்ந்து நார் நாராகப் பிரிவது இவையெல்லாம் பெரும்பாலும் போய்விடும். மொரிகுனியே இந்த இழப்பை உணர்ந்திருந்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1749இல் வெளிவந்த 'உன்பிட்சு சோகா'வில் தூரிகையின் ஓட்டத்தை மரத்தில் பிடிக்கப் பெருமுயற்சி நடந்திருக்கிறது.

ஆனால் இந்த இழப்பைக் குறையாக மட்டும் பார்த்தால் கதை பிடிபடாது. தாய்காவின் மலைகளைப் பாருங்கள். சீன மூலங்களில் பனியும் ஈரமுமாகக் கரைந்து கிடக்கும் பாறைகள், அவரிடம் தெளிவான புள்ளிகளும் வளைகோடுகளுமாக, ஏறக்குறைய ஒரு துணியின் நெசவைப்போலத் துள்ளுகின்றன. அச்சு நூலில் அவருக்குக் கிடைத்தது எலும்புக்கூடு. சதையை அவரே போட்டுக்கொண்டார். சீனாவை நேரில் பார்த்திருந்தால் தாய்கா ஒரு நல்ல சீன ஓவியராகியிருப்பார், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இந்த நூல்களின் செல்வாக்கு அவை கொண்டுவந்ததில் பாதி, கொண்டுவர முடியாமல் விட்டதில் பாதி.

ரின்பா மரபின் கதையும் இதுவே. அந்த அலங்கார ஓவிய மரபின் பெரும் ஓவியர் ஒகாதா கோரின் 1716இல் மறைந்தார். அதைப் பின்னாளில் புதுப்பித்த சகாய் ஹோயிட்சு பிறந்ததே 1761இல். குரு சிஷ்யத் தொடர்புக்கே இடமில்லை. கோரின் மறைந்த நூறாம் ஆண்டு நினைவாக 1815இல் எடோவில் (இன்றைய தோக்கியோ) ஹோயிட்சு ஒரு கண்காட்சி நடத்தி, 'கோரின் ஹியாகுசு' என்ற தொகுப்பு நூலையும் கொண்டுவந்தார். தங்கத்தாள் பளபளக்கும் மடிப்புத்திரை ஓவியங்கள் அதில் சிறிய கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்களாயின. தங்கம் போயிற்று, நிறம் போயிற்று, வடிவ அமைப்பு மட்டும் நின்றது. கோரினை ஒரு வடிவமைப்பு மேதையாகப் பின்வந்தவர்கள் பார்த்ததில் இந்தச் சுருக்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

சுருக்குவதையே கலையாகச் செய்தவர் குவாகாதா கெய்சாய். முன்பு கிதாவோ மாசாயோஷி என்ற பெயரில் மரஅச்சு ஓவியராக இருந்தவர், 1794இல் சுயாமா பிரபுவின் அரசவை ஓவியரானார். அடுத்த ஆண்டே 'ரியாகுகாஷிகி' வந்தது. மனிதர்களை நான்கைந்து கோடுகளில் முடித்துவிடுவார்: முகத்தில் கண், மூக்கு ஒரு புள்ளி, ஒரு கீறல், ஆனால் உட்கார்ந்திருப்பவர் சலிப்போடு உட்கார்ந்திருக்கிறாரா, பணிவோடா என்பது முதுகு வளைவிலேயே தெரிந்துவிடும். 1797இல் விலங்கு, பறவைகளுக்கு ஒரு தொகுதி, 1800இல் நிலக்காட்சிகளுக்கு ஒன்று. ஹொகுசாயின் பெயர் மறைக்கும் நிழலில் இவர் நின்றுவிட்டது எனக்கு வருத்தம்தான். அவருக்கும் அந்த வருத்தம் இருந்திருக்கும்போலிருக்கிறது. ஹொகுசாய் பிறரைப் பார்த்துச் செய்பவர், தாமாக எதையும் தொடங்கியதில்லை என்று கெய்சாய் குறைபட்டுக்கொண்டதாக எடோ காலக் குறிப்பு ஒன்று பதிந்துவைத்திருக்கிறது.

குறையில் நியாயம் உண்டு. ஆனால் ஹொகுசாய் செய்த அளவு வேறு.

1812இல் ஹொகுசாய் நகோயாவுக்குப் போய், மாகி போகுசென் என்ற சீடரின் வீட்டில் தங்கினார். அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. நகோயாவின் எய்ராகுயா என்ற பதிப்பகம் 1814இல் அவற்றை 'ஹொகுசாய் மாங்கா' என்று வெளியிட்டது. ஒரே தொகுதியோடு முடிந்திருக்க வேண்டியது, விற்பனை நன்றாக இருக்கவே 1819க்குள் பத்துத் தொகுதிகளாயிற்று. பிறகும் நிற்கவில்லை, ஹொகுசாய் 1849இல் இறந்த பிறகும் தொடர்ந்து, பதினைந்தாவது தொகுதி 1878இல் வந்தது. ஏறத்தாழ 4,000 உருவங்கள். கறுப்பு, சாம்பல், வெளிறிய ரோஜா நிறம், இவ்வளவுதான் மை. இன்றைய மாங்கா படக்கதைகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் கதையே கிடையாது. ஆறாவது தொகுதியில் குதிரையேற்றம், வில், துப்பாக்கி. எட்டாவதில் குண்டு மனிதர்கள் குளிப்பதும் ஒல்லி மனிதர்கள் வேலை செய்வதும். பத்தாவதில் வித்தைக்காரர்களும் பேய்களும். மூன்றாவதில், தொலைவில் உள்ளவற்றைச் சிறுத்துக் காட்டும் முறைக்கு ஒரு விளக்கப்படம்கூட உண்டு.

ஹொகுசாயிடம் நேரடியான பாடம் வேண்டும் என்பவர்கள் 'மாங்கா'வை விட்டு வேறு நூல்களுக்குப் போக வேண்டும். 1812இல் வந்த 'ரியாகுகா ஹாயாஓஷியே'யில் கவராயமும் அளவுகோலும் கொண்டு எருது, குதிரை, பறவை எல்லாவற்றையும் வட்டங்களாகப் பிரித்துக் காட்டுகிறார். அதன் அடுத்த தொகுதியில் எழுத்துகளை வளைத்து உருவங்களாக்குகிறார். கைவினைஞர்களுக்கென்றே 1823இல் சீப்பு, புகைக்குழாய் வடிவங்களுக்கு ஒரு நூல், 1824இல் துணிகளுக்கான நுண்வடிவங்களுக்கு ஒரு நூல். இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1848இல், நிறம் தீட்டுவது பற்றி 'எஹோன் சாய்ஷிகி சூ'. அதில் ஒருவர் வாயில் ஒரு தூரிகை, இரு கைகளில் இரண்டு, இரு கால்களில் இரண்டு என்று ஐந்து தூரிகைகளால் தீட்டிக்கொண்டிருக்கும் படம் இருக்கிறது. எண்பதைக் கடந்த கிழவரின் குறும்பு.

செதுக்குபவர் தாளோடு சேர்த்து வெட்டுவார் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதில் மூலப்படம் அழிந்துவிடும்; அதன் விளைவு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நூல்கள் வெளிவந்திருக்கின்றன என்றாலே அவற்றுக்கான இறுதிக் கைப்படங்கள் இல்லை என்று பொருள். 2019இல் பாரிஸில் வெளிப்பட்டு, மறு ஆண்டு பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிய 103 சிறு ஓவியங்கள் இவ்வளவு பரபரப்பை உண்டாக்கியது அதனால்தான். எல்லாப் பொருள்களையும் பற்றிய ஒரு பெரிய பட நூலுக்காக ஹொகுசாய் வரைந்தவை அவை. நூல் அச்சேறவில்லை, ஆகவே படங்கள் பிழைத்தன.

இனி ஐரோப்பா. 1856இல் ஃபெலிக்ஸ் பிராக்மோன் என்ற பிரெஞ்சுச் செப்புத்தகட்டு ஓவியர், பாரிஸ் அச்சுக்கூடம் ஒன்றில், பீங்கான் சாமான் உடையாமலிருக்கச் சுற்றி அனுப்பிய தாள்களுக்கிடையே 'ஹொகுசாய் மாங்கா' தொகுதியைக் கண்டெடுத்தார் என்ற கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். நான் அதை நம்புவதில்லை. கதை அச்சில் வந்தது ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, வேறொருவர் எழுத்தில். மேலும் ஐரோப்பா 'மாங்கா'வை அறிய பீங்கான் பெட்டி தேவைப்படவில்லை. நாகசாகியின் தெஜிமாவில் டச்சு நிறுவனத்தின் மருத்துவராக இருந்த ஸீபோல்ட், 1832 முதல் வெளியிட்ட தம் 'நிப்போன்' நூலில் ஹொகுசாயின் படங்களை முன்பே எடுத்தாண்டிருந்தார்.

சந்தேகத்துக்கு இடமில்லாதது 1866. அந்த ஆண்டு பிராக்மோன், யூஜீன் ரூசோ என்ற வணிகருக்காக உணவுத் தட்டு வரிசை ஒன்றை வடிவமைத்தார். 'மாங்கா'விலிருந்தும், மரஅச்சு ஓவியர் ஹிரோஷிகேவின் மீன் படங்களிலிருந்தும், ஹொகுசாயின் சீடர் இசாயின் நூலிலிருந்தும் சேவல், மீன், பூச்சி, பூ ஆகியவற்றை அப்படியே செப்புத்தகட்டில் எடுத்தார். அதிலிருந்து தாளில் அச்சிட்டு, உருவங்களைக் கத்தரித்து, தட்டின்மேல் ஒட்டி மாற்றினார்கள். தட்டின் நடுவில் அல்ல. ஓரத்தில் ஒரு மீன், எதிரே ஒரு வண்டு, இடையில் வெள்ளை. 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அது பெரும் வரவேற்பைப் பெற்றது.

தட்டின் அந்த வெண்பரப்பைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். 'மாங்கா'வின் பக்கத்தில் உருவங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி மிதப்பது, அது மாதிரிகளின் தொகுப்பு என்பதால். வேண்டியதை எடுத்துக்கொள்ளப் பக்கம் வசதி செய்து தருகிறது. பிரெஞ்சுக் கண்ணுக்கு அந்த மிதப்பே அழகியலாகத் தெரிந்தது. கடையில் விற்ற ஒரு பயிற்சிப் புத்தகத்தின் பக்க அமைப்பு, சமச்சீர் அலங்காரத்தில் ஊறிய ஒரு நாட்டுக்குப் புதிய கலை விதியாகிவிட்டது. பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலே 1878இல் செய்த கெண்டைமீன் கண்ணாடிக் குடுவையும் 'மாங்கா'வின் பதின்மூன்றாவது தொகுதிப் படத்திலிருந்து வந்ததுதான்; மூலத்தில் மீனோடு தோன்றும் கானோன் தேவியை விட்டுவிட்டு மீனை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பிரெஞ்சு ஓவியர் தெகாவைப் பற்றியும் சொல்வார்கள்: அவருடைய நடனப் பெண்களின் நிலைகளுக்குப் பக்கத்தில் 'மாங்கா'வின் மல்லர்களை வைத்து ஒப்பிடும் படங்கள் கண்காட்சிகளில் வழக்கம். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பிராக்மோன் தட்டில் பக்கத்தையே சுட்டிக்காட்டலாம். இடுப்பில் கைவைத்து நிற்பவரை உலகில் எங்கும் காணலாம். சலித்து நிற்கும் முதுகும் ஓவியத்துக்கு உரிய பொருளே என்ற துணிவு அங்கிருந்து வந்திருக்கலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வேன்.

கடைசியாக ஒரு முரண். பாரிஸ் ஜப்பானிய நூல்களைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1871இல், தோக்கியோவில் காவாகாமி தோகாய் 'செய்கா ஷினான்' என்ற நூலை வெளியிட்டார். ஆங்கில ஓவியப் பாடநூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு அது. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் தூரிகையை வைத்துவிட்டுப் பென்சிலால் மேற்கத்திய மாதிரிகளைப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள். தூரிகை மீண்டும் வகுப்பறைக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அமெரிக்காவில், பிரான்ஸில் பயின்று திரும்பிய ஓவியர் ஆர்தர் வெஸ்லி டௌ, 1891இல் பாஸ்டன் நூலகத்தில் ஹொகுசாயின் படங்களைப் பார்த்து, ஒரே மாலையில் பல ஆண்டுப் படிப்பைவிட அதிகம் கற்றேன் என்ற பொருளில் எழுதினார். 1899இல் அவர் வெளியிட்ட 'காம்பொசிஷன்' நூல் மறுபடியும் ஒரு பயிற்சி நூல்தான்: கோடு, கருமை வெண்மை, நிறம், இவற்றை ஒரு சட்டத்துக்குள் எப்படிப் பங்கிடுவது என்பதே பாடம். அவரிடம் நியூயார்க்கில் பயின்றவர்களில் ஒருவர் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப்.

நீங்களே பார்க்க விரும்பினால், ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியமும் இவற்றை இணையத்தில் வைத்திருக்கின்றன. வலப்பக்கமிருந்து தொடங்குங்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு மடித்துத் தைத்த நூல்கள் என்பதால் இரு பக்கம் பரவும் படங்கள் நடுவில் இடைவெளிவிட்டு இருக்கும், அது பழுதல்ல. 'மாங்கா'வின் பலகைகள் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டவை. பிற்காலப் படிகளில் மெல்லிய முடிக்கோடுகள் உடைந்தும் தடித்தும் இருக்கும். இரண்டு படிகளை அருகருகே திறந்து, ஒரே ஆளின் தாடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். எது முந்தியது என்று தெரிந்துவிடும்.